நிற்கும் லாரியில் நிற்காத வேலை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஆண்டுதோறும் வரும் தடைக்காலம் இது. படகு கரையில் நின்றால் அதை நம்பியிருக்கிற மற்றவையும் நிற்கும்: ஏலக்கூடம், ஐஸ் ஆலை, மீன் ஏற்றும் லாரி. நாகப்பட்டினத்திலும் இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும், வேறு லோடு கிடைக்காத லாரிகள் ஓரங்கட்டி நிறுத்தப்படுகிற காலம் இதுதான். தடை முடிந்ததும் எல்லா வண்டிகளும் ஒரே நாளில் தேவைப்படும். அன்று பார்த்துச் சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் மட்டும் வரும். செல்ஃப் எடுக்காது. பேட்டரி இறங்கியிருக்கும்.

“வண்டி ஓடவே இல்லை, பேட்டரி மட்டும் எப்படி இறங்கும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓடாத எஞ்சின் தேயாது, ஓடாத கியர் தேயாது. ஆனால் பேட்டரி அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. அது ஒரு வேதிக்கலன். வேதிவினை நடக்க வண்டி ஓட வேண்டியதில்லை, ஈயமும் அமிலமும் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஓடுகிற வண்டியில் குறைவதை ஆல்டர்னேட்டர் அவ்வப்போது ஈடுகட்டிவிடும். நிற்கிற வண்டியில் குறைவது மட்டுமே நடக்கும். எப்போதாவது ஓடும் லாரியின் பேட்டரியைக் காப்பாற்ற நாம் செய்கிற அத்தனையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவைதான்.

ஆசிட் சொல்லும் செய்தி

பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே 1859இல் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்தார். அதற்குள் செலுத்திய மின்சாரத்தைப் பிறகு திருப்பி எடுக்க முடிந்தது. 1881இல் கமில் ஃபோர் தகட்டின்மேல் ஈய ஆக்சைடுப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். அதன்பின் இதைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்ய வழி பிறந்தது. 1912இல் கேடிலாக் கார் மின் ஸ்டார்ட்டரோடு வந்தது. அன்று முதல் எஞ்சினை எழுப்புவது ஈய-அமில பேட்டரியின் வேலையாகிவிட்டது. இன்று லாரியில் இருப்பதும் அதே வேதியியல்தான்.

ஒரு 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் பிளஸ் தகட்டில் ஈய டை ஆக்சைடு, மைனஸ் தகட்டில் பஞ்சுபோல் துளைகள் நிறைந்த ஈயம், இரண்டுக்கும் நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது. அதற்கு வேண்டிய சல்பேட் அமிலத்திலிருந்துதான் போகிறது. பதிலுக்குத் தண்ணீர் உருவாகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் தலைகீழாக நடக்கும்: சல்பேட் தகட்டை விட்டு அமிலத்துக்குத் திரும்பும். 1880களின் தொடக்கத்தில் கிளாட்ஸ்டோன், டிரைப் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் இதை விளக்கினார்கள்.

ஆக, பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை ஆசிட்டே சொல்லிவிடும். ஆசிட் அடர்த்தியாக இருந்தால் நிறைவு, நீர்த்திருந்தால் குறைவு. இதை அளக்கும் ஹைட்ரோமீட்டர் பேட்டரிக் கடைகளில் கிடைக்கும் எளிய கருவி. செல்லின் மூடியைத் திறந்து, ரப்பர் குமிழை அமுக்கியபடி முனையை உள்ளே விட்டு, மெல்லப் பிடியைத் தளர்த்தினால் கண்ணாடிக் குழாய்க்குள் ஆசிட் ஏறும். உள்ளே இருக்கும் மிதவை குழாயின் பக்கச் சுவரில் ஒட்டாமல் நிற்க வேண்டும். ஆசிட்டின் மட்டத்தைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து, மிதவையின் எந்தக் கோட்டில் அது நிற்கிறது என்று படிக்க வேண்டும். வெப்பநாடுகளுக்கான பேட்டரியில் முழு சார்ஜில் 1.250 அளவில் இருக்கும். சில பேட்டரிகளில் 1.280 வரை போகும். 1.190க்கு வந்தால் ஏறத்தாழ பாதி. 1.120 என்றால் ஒன்றுமில்லை. கடையில் புள்ளியை விட்டுவிட்டு 1250, 1190 என்றே சொல்வார்கள்.

ஆறு செல்லிலும் தனித்தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. ஐந்து செல்லில் 1240 இருந்து ஒன்றில் மட்டும் 1180 இருந்தால், அந்த ஒரு செல்தான் பேட்டரியைக் கீழே இழுக்கிறது. முழு சார்ஜ் ஏற்றியும் 50 புள்ளிக்கு மேல் வேறுபாடு நீடித்தால் அந்தப் பேட்டரியை இனி நம்பிப் பயணம் போக முடியாது.

மூடி திறக்க முடியாத பேட்டரிகளில் வோல்ட் மீட்டர்தான் வழி. அடர்த்திக்கும் வோல்ட்டுக்கும் ஓர் அழகான உறவு உண்டு. அடர்த்தியோடு 0.84ஐக் கூட்டினால் ஒரு செல்லின் வோல்ட் ஏறத்தாழ வந்துவிடும். 1.250 என்றால் 2.09, ஆறு செல்லுக்கு 12.54. பாதி சார்ஜில், அதாவது 1.190இல், 12.18. வெற்றான பேட்டரியில் 11.76. முழுமைக்கும் வெறுமைக்கும் நடுவே ஒரு வோல்ட்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். “12 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது” என்று சொல்வது இதனால்தான் தவறு. 12.0 காட்டும் 12 வோல்ட் பேட்டரி பெரும்பாலும் காலியான பேட்டரி. சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தாலும் பொய்யான உயரம் காட்டும். சில மணி நேரம் சும்மா விட்டுத்தான் அளக்க வேண்டும்.

அறுபத்தொரு நாள் கணக்கு

நிற்கிற லாரியில் சார்ஜ் எங்கே போகிறது? இரண்டு வழிகளில் போகிறது.

முதலாவது, பேட்டரிக்குள்ளேயே நடக்கும் இழப்பு. மைனஸ் தகட்டின் ஈயம் அமிலத்தோடு மெதுவாக வினைபுரிந்து, ஹைட்ரஜனை வெளியிட்டுக்கொண்டே சல்பேட்டாகிறது. வெளியே ஒரு கம்பிகூட இணைக்கப்படாவிட்டாலும் இது நடக்கும். 25 டிகிரி செல்சியஸில் மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். தகட்டின் சட்டத்தில் ஆன்டிமனி அதிகம் கலந்த பழைய வகை பேட்டரிகளில் இன்னும் கூடும். கால்சியம் கலந்தவற்றில் குறையும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். தடைக்காலம் வருவதோ கத்திரி வெயிலில். வெயிலில் நிற்கும் லாரியின் இரும்புப் பேட்டரிப் பெட்டிக்குள் வெளிக்காற்றைவிடச் சூடு அதிகம். 35 டிகிரி என்று குறைத்துப் போட்டாலும் மாதம் 6 முதல் 10 சதவீதம் போய்விடும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரண்டு மாதத்துக்கு 12 முதல் 20 ஆம்பியர்-மணி.

இரண்டாவது, வண்டி குடிக்கும் மின்சாரம். சாவியை எடுத்த பிறகும் சில கருவிகள் விழித்திருக்கின்றன: ஜிபிஎஸ் டிராக்கர், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நினைவகம், டேஷ்போர்டு கடிகாரம், பாட்டுப் பெட்டி. எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். கேட்கும்போது அற்பமாகத் தெரியும். 0.05 ஆம்பியரை 24 மணி நேரத்தால் பெருக்கினால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. 61 நாளுக்கு 73. முன்பு சொன்ன உள் இழப்பையும் சேர்த்தால் 85ஐத் தாண்டும். தடைக்காலம் தொடங்கும்போது முழு சார்ஜோடு நின்ற 100 ஆம்பியர்-மணி பேட்டரி, முடியும்போது ஏறத்தாழக் காலி. யாரும் எதையும் மறந்து போட்டுவிட்டுப் போகவில்லை. எதுவும் பழுதாகவும் இல்லை. வெறும் நேரம் மட்டுமே இதைச் செய்திருக்கிறது.

மறந்து போட்டுவிட்டால் கணக்கு இன்னும் மோசம். கேபினில் ஒரு 5 வாட் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், 24 வோல்ட் வண்டியில் அது 0.2 ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். நாளுக்கு 5 ஆம்பியர்-மணி. இருபது நாளில் பேட்டரி முடிந்துவிடும். கதவு சரியாகச் சாத்தாததால் எரியும் விளக்கு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

இந்தக் கசிவை அளந்து பார்ப்பது ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிட வேலை. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி வைக்க வேண்டும். புதிய வண்டிகளில் கணினிகள் உறங்க அரை மணி நேரம்வரை ஆகலாம். அதுவரை காத்திருந்து அளவைப் பார்க்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் கருகிவிடும். இழுப்பு அதிகமென்றால் ஒவ்வொரு ஃப்யூஸாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது எண் சரிகிறதோ அந்த இணைப்பில்தான் கசிவு இருக்கிறது.

இறங்கியது திரும்ப ஏறுமா?

“இறங்கினால் என்ன, தடை முடிந்ததும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்” என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கேதான் உண்மையான சேதம் மறைந்திருக்கிறது.

மின்சாரம் எடுக்கும்போது தகட்டில் படியும் ஈய சல்பேட் முதலில் மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும். அந்த நிலையில் சார்ஜ் போட்டால் சிரமமில்லாமல் கரைந்து திரும்பிவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் சிறு படிகங்கள் கரைந்து, பெரிய படிகங்களின் மேல் போய்ச் சேர்ந்து, பெரியவை மேலும் பெரிதாகும். பொடித்த சர்க்கரை தண்ணீரில் போட்டதும் கரைவதும், கற்கண்டு கரையாமல் கிடப்பதும் எதனாலோ அதே காரணம்தான் இங்கும்: ஒரே எடைக்குப் பெரிய கட்டியின் மேற்பரப்பு குறைவு. ஈய சல்பேட் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது என்பது இதோடு சேர்ந்துகொள்கிறது. சார்ஜர் கொடுக்கும் மின்சாரம் படிகத்தின் உட்பகுதியை எட்டுவதில்லை. தகட்டின் அந்தப் பகுதி வேலையிலிருந்து நிரந்தரமாக விலகிவிடுகிறது. மூடியைத் திறந்து விளக்கு அடித்துப் பார்த்தால் சில நேரம் தகடுகள்மேல் வெளுத்த படிவு கண்ணுக்கே தெரியும். சல்பேஷன் என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான்.

முற்றிலும் இறங்கிய பேட்டரியில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அப்போது ஆசிட் ஏறத்தாழத் தண்ணீராகிவிடுவதால், ஈய சல்பேட் அதில் கூடுதலாகக் கரையும். பிறகு சார்ஜ் போடும்போது அந்தக் கரைசலிலிருந்து ஈயம் ஊசி ஊசியாகத் தடுப்புத் தாளுக்குள் வளர்ந்து, இரண்டு தகடுகளையும் இணைத்துவிடக்கூடும். செல் ஷார்ட் ஆகிவிட்டது என்பார்கள்.

சல்பேஷன் தொடக்க நிலையில் இருந்தால், குறைந்த ஆம்பியரில் நீண்ட நேரம் சார்ஜ் போட்டு ஓரளவு மீட்கலாம். முற்றிவிட்டால் மீட்பு இல்லை. ஆகவே, பேட்டரி எத்தனை நாள் நின்றது என்பதைவிட, எத்தனை நாள் குறைந்த சார்ஜில் நின்றது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நிறைவாக நிற்கும் பேட்டரிக்குப் பெரிய கேடில்லை. 12.4 வோல்ட்டுக்குக் கீழே போக விடாமல் வைத்திருந்தால் சல்பேட் முற்ற வாய்ப்பு குறைவு. பராமரிப்பின் சாரம் இவ்வளவுதான்.

இரண்டு பேட்டரி, ஒரு கண்ணி

கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடர் இணைப்பில் சேர்த்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். டீசல் எஞ்சின் காற்றை மிகக் கடுமையாக அழுத்தி எரிப்பது. அதைச் சுழற்றித் தொடங்க நிறைய சக்தி வேண்டும். வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் அதே சக்திக்குப் பாதி ஆம்பியர் போதும். கேபிளும் மெல்லியதாக இருக்கலாம். ஆனால் தொடர் இணைப்பில் வோல்ட்தான் கூடும், ஆம்பியர்-மணி கூடாது. இரண்டு 100 ஆம்பியர்-மணி பேட்டரி இருப்பதால் 200 கிடைக்கும் என்று நினைப்பது தவறு. இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது. இரண்டில் எது பலவீனமோ அதுவே வண்டியின் பலம்.

இந்த இணைப்பில் பலரும் அறியாமல் செய்யும் ஒரு கேடு உண்டு. 12 வோல்ட் பாட்டுப் பெட்டிக்கோ, செல்போன் சார்ஜருக்கோ, விளக்குச் சரத்துக்கோ, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துவிடுவார்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் நாள்தோறும் கூடுதலாக இறங்கும். ஆல்டர்னேட்டருக்கு இது தெரியாது. அது இரண்டின் மொத்த வோல்ட்டை மட்டுமே பார்க்கிறது. 28 வோல்ட் கொடுத்தால், நிறைந்த பேட்டரி 14.8ஐ எடுத்துக்கொண்டு கொதித்துத் தண்ணீரை இழக்கும். இறங்கிய பேட்டரி 13.2 மட்டும் பெற்று, முழுதாக ஏறாமலே சல்பேட் பிடிக்கும். ஒரே பெட்டியில் ஒன்று மிகை சார்ஜாலும் மற்றது பட்டினியாலும் சாகும். 24ஐ 12ஆக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் கடைகளில் கிடைக்கிறது. அதைப் போட்டால் சுமை இரண்டின்மேலும் சமமாக விழும்.

நிறுத்தும் முன் இரண்டையும் இணைக்கும் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் 12 வோல்ட் சார்ஜரில் தனித்தனியாக முழு சார்ஜ் ஏற்றினால் ஏற்றத்தாழ்வு நீங்கும். மாற்ற வேண்டி வந்தால் இரண்டையும் ஒன்றாக, ஒரே வகையில் மாற்றுவதே சரி. பழையதோடு சேரும் புதியது வெகுசீக்கிரம் பழையதாகிவிடும்.

வாரம் பத்து நிமிடம் போதுமா?

நிற்கிற வண்டியை வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐட்லிங்கில் விடுவது நம் ஊரில் பரவலான பழக்கம். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் பலன் போதாது.

ஸ்டார்ட்டர் 400 ஆம்பியர் எடுத்து 3 விநாடி சுழல்கிறது என்றால், செலவாவது 0.33 ஆம்பியர்-மணி. ஸ்டார்ட் செய்வதே பேட்டரியைக் காலி செய்துவிடும் என்பது மிகை. அந்தச் செலவு சில நிமிடத்தில் திரும்பிவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு வாரத்தில் 50 மில்லி ஆம்பியர் கசிவு 8.4 ஆம்பியர்-மணியைத் தின்றிருக்கும். உள் இழப்பு இன்னும் ஒன்றரை, இரண்டு. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் முழு வலுவில் தருவதில்லை. 15 ஆம்பியர் ஏறுகிறது என்று வைத்தாலும் பத்து நிமிடத்தில் 2.5 ஆம்பியர்-மணிதான். பத்து போன இடத்தில் இரண்டரை வந்தால் வாரந்தோறும் பற்றாக்குறை வளர்ந்துகொண்டே போகும். அதிலும் கடைசி 20 சதவீதத்தை பேட்டரி மிக மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்ளும். எவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டரானாலும் அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும்.

எஞ்சினுக்கும் இந்தப் பழக்கம் நல்லதல்ல. டீசல் எரியும்போது நீராவி உண்டாகிறது. எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிட்டால் அந்த ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும்.

வண்டியை ஓட்டத்தான் வேண்டுமென்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் சாலையில் ஓட்டுவது மேல். ஆயில் சூடேறும், டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்காது, பிரேக் இறுகி ஒட்டிக்கொள்ளாது, பேட்டரிக்கும் உருப்படியாக சார்ஜ் ஏறும். குலுங்குவதிலும் ஒரு நன்மை இருக்கிறது. சரியாக சார்ஜ் ஏறாத பேட்டரியில் அடர்ந்த ஆசிட் அடியிலும் நீர்த்தது மேலேயும் தங்கும். அதனால் தகட்டின் கீழ்ப்பகுதி சல்பேட் பிடிக்கும். சாலைக் குலுக்கல் அதைக் கலக்கிவிடும்.

நிறுத்தும் முன்னும் பின்னும்

முதல் வேலை, முழு சார்ஜ். பேட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், அதாவது 100 ஆம்பியர்-மணிக்கு 10 ஆம்பியரில், சார்ஜ் போட வேண்டும். எல்லா செல்லிலும் ஒரே சீராகக் குமிழ் வந்து, மணிக்கு ஒருமுறை எடுத்த ஹைட்ரோமீட்டர் அளவு மூன்று முறையும் மாறாமல் இருந்தால் முழுமை அடைந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, கசிவை நிறுத்துவது. பெரும்பாலான லாரிகளில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்தால் 61 நாளில் போகவிருந்த 73 ஆம்பியர்-மணி மிச்சம். இத்தனை எளிதில் இத்தனை பலன் தரும் வேறு வேலை இல்லை. டிராக்கர்போல நேரடியாக பேட்டரியில் இணைத்தவை சுவிட்சுக்கு அடங்காமல் இருக்கலாம் என்பதால் அணைத்த பின்னும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். சுவிட்ச் இல்லாத வண்டியில் மைனஸ் கேபிளைக் கழற்றிவைக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியானால் சாவியை அணைத்த உடனே கட்-ஆஃப் செய்யக் கூடாது. யூரியாக் கரைசல் செலுத்தும் அமைப்புள்ள வண்டிகளில், குழாயில் நின்ற கரைசலைப் பம்ப் உறிஞ்சித் தொட்டிக்கு அனுப்பச் சில நிமிடம் ஆகும். இல்லாவிட்டால் அது அங்கேயே காய்ந்து படிகமாகி அடைக்கும்.

மூன்றாவது, நிழல். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் உள் இழப்பு பாதியாகிறது என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், வேப்பமரத்தடியில் நிறுத்துவது பேட்டரிக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதைவிட மேல். முடிந்தால் பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமான நிழலான இடத்தில் வைக்கலாம். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் தரைக்குள் இறங்கிவிடும் என்ற அச்சம் மரப்பெட்டி, ரப்பர் பெட்டி பேட்டரிகள் இருந்த காலத்தின் எச்சம். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்குத் தரை எதுவும் செய்யாது.

நான்காவது, மாதம் ஒருமுறை அளவு. 12.4க்குக் கீழே வந்தால், 24 வோல்ட் ஜோடியில் 24.8க்குக் கீழே வந்தால், சார்ஜ் போட வேண்டிய நேரம்.

டிராக்கரை அணைக்கவே முடியாது, உரிமையாளர் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், சிறிய சூரிய பலகை உதவும். 24 வோல்ட்டுக்கான 20 வாட் பலகை நல்ல வெயிலில் நாளுக்கு இரண்டரை, மூன்று ஆம்பியர்-மணி தரும். கசிவும் உள் இழப்பும் சேர்ந்து ஒன்றரைக்குள் இருப்பதால் அது போதும். நடுவில் ஒரு சார்ஜ் கண்ட்ரோலர் கட்டாயம். அது இல்லாவிட்டால் நிறைந்த பேட்டரி மேலும் ஏறிக் கொதிக்கும். கரண்ட் வசதி உள்ள ஷெட் என்றால் 12 வோல்ட்டுக்கு 13.2 முதல் 13.5 வரை மட்டும் கொடுத்து நிறைவிலேயே வைத்திருக்கும் ஃப்ளோட் சார்ஜர் போதும். கோடையில் அந்த எல்லையின் கீழ்ப்பக்கமே நல்லது. வெப்பம் 10 டிகிரி கூடினால் கொடுக்க வேண்டிய வோல்ட் ஏறத்தாழக் கால் வோல்ட் குறையும்.

தண்ணீர், உப்பு, தீப்பொறி

ஆசிட் மட்டம் குறைந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. போனது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. தகடு மூழ்கும் அளவுக்கு ஊற்றி, சார்ஜ் ஏறிய பிறகு மட்டத்தைச் சரிசெய்யலாம். போர் தண்ணீரை ஊற்றுவது பேட்டரிக்குள் திருடனை விடுவதற்குச் சமம். அதிலுள்ள இரும்பு, பிளஸ் தகட்டில் ஒரு வடிவமெடுத்து, மைனஸ் தகட்டுக்கு நகர்ந்து பழைய வடிவத்துக்குத் திரும்பி, மீண்டும் பிளஸ்ஸுக்கு வரும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் சார்ஜ் தீரும். இரும்பு தீர்வதில்லை, சுற்று நிற்பதுமில்லை.

கடற்கரையில் டெர்மினலுக்கு எதிரிகள் இருவர்: உள்ளிருந்து கசியும் ஆசிட் ஆவி, வெளியிலிருந்து வரும் உப்புக் காற்று. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியில் சமையல் சோடா கரைசலை ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். ஆசிட்டும் சோடாவும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதே அந்த நுரை. நுரை அடங்கினால் ஆசிட் தீர்ந்தது. மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்; சோடா ஒரு துளிகூட செல்லுக்குள் போகக் கூடாது. கழுவித் துடைத்து, காய்ந்தபின் கேபிளை இறுக்கி, மேலே வாசலின் பூசிவிடலாம். பேட்டரியின் மேல்பரப்பையும் துடைத்து உலர வைக்க வேண்டும். ஈரமும் அழுக்கும் சேர்ந்த படலம் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே மெல்லிய கசிவுப் பாதையாகிவிடும்.

சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனை விடுகிறது. காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். வெடிக்கும் பேட்டரி ஆசிட்டை முகத்தில் தெளிக்கும். பீடி, சிகரெட் அருகில் கூடாது. கிளிப்பை மாட்டிய பிறகே சார்ஜரை ஆன் செய்ய வேண்டும், அணைத்த பிறகே கிளிப்பை எடுக்க வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஸ்பேனர் சேஸிஸில் பட்டாலும் அப்போது பொறி வராது. ஜம்ப் கேபிளின் கடைசி முனையை பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இருக்கும் எஞ்சின் இரும்பில் மாட்ட வேண்டும். 12 வோல்ட் காரையும் 24 வோல்ட் லாரியையும் ஒருபோதும் ஜம்ப் செய்யக் கூடாது. ஆசிட் பட்டால் நிறையத் தண்ணீரில் நெடுநேரம் கழுவுவதே முதலுதவி.

பாட்டில் மருந்துகளை நம்பலாமா?

செத்த பேட்டரியை உயிர்ப்பிக்கும் பொடி, திரவம் என்று விற்பனை இன்றைக்கு நேற்றைக்குத் தொடங்கியதல்ல. அமெரிக்காவில் ஜெஸ் ரிச்சி என்பவர் ஏடி-எக்ஸ்2 என்ற பொடியை விற்றார். அதில் முக்கியமாக இருந்தவை சோடியம் சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும். அரசின் தர அளவை நிறுவனம் சோதித்து, இதனால் பேட்டரிக்குப் பலன் இல்லை என்றது. 1953இல் அந்த நிறுவனத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினை வணிகத் துறைச் செயலர் சின்க்ளேர் வீக்ஸ் பதவி விலகச் செய்தார். நாடெங்கும் அறிவியலாளர்கள் எதிர்த்துக் குரல் கொடுக்க, ஆஸ்டின் மீண்டும் பதவிக்கு வந்தார். தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழுவும் நிறுவனத்தின் சோதனை சரியே என்று உறுதி செய்தது. ஒரு பேட்டரிப் பொடிக்காக ஓர் ஆய்வகத்தின் நேர்மையே தராசில் ஏறியது.

அதே 1953இல்தான், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. ஆய்வகங்கள் நமக்குக் கற்றுத்தரும் முதல் பாடம், பாட்டிலின்மேல் எழுதியிருப்பதை அளந்து பார்க்காமல் ஏற்கக் கூடாது என்பதே. ஹைட்ரோமீட்டரும் மல்டிமீட்டரும் இருந்தால் ஒவ்வொரு லாரி ஷெட்டும் அந்த அளவில் ஓர் ஆய்வகம்தான்.

கெட்டுப்போன பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் எடையில் பெரும்பகுதி ஈயம்; ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. முறையான ஆலையில் உருக்கினால் அதே ஈயம் புதிய பேட்டரியாகத் திரும்பும். கொல்லைப்புற உலையில் உருக்கினால் புகையாகவும் மண்ணாகவும் அந்தத் தெருவிலேயே தங்கிவிடும். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மேல் சுமத்தியிருக்கின்றன. புதியது வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்து ரசீது வாங்குவது நம் பங்கு. இரண்டு ஆண்டில் சாகவிருந்த பேட்டரியை நான்கு ஆண்டு ஓட்டினால், உரிமையாளருக்கு ஒரு பேட்டரியின் விலை மிச்சம். உலைக்குப் போகும் ஈயமும் பாதி. அதற்குத் தேவைப்படுவது கட்-ஆஃப் சுவிட்சை அணைக்கும் ஒரு கை, மாதத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்க்கும் ஒரு கண், அந்த எண்ணைத் தேதியோடு எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம்.